இரவு 2 மணிக்கு இறங்கிய தமிழ்

சித்தூரிலும் திருப்பதியிலும், தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத தலைமுறைக்கு, ஊர்ந்து வந்த இன்டர்நெட் ஒரு வாசலைத் திறந்தது. வேகம் வந்த பிறகு அந்த வாசல் மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதிகாலை 2 மணிக்கு மேல் திருப்பதி வட்டாரத்தில் இரண்டு இடங்களில் வேலை தொடங்கிய காலம் ஒன்று உண்டு. மலைமேல் கோயிலில் சுப்ரபாத சேவைக்கு ஏற்பாடு நடக்கும். மலைக்குக் கீழே சில வீடுகளில் மோடத்தின் விளக்குகள் மினுக்க ஆரம்பிக்கும். பெருமாளை எழுப்பும் நேரமும் கம்ப்யூட்டரை எழுப்பும் நேரமும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்தது தற்செயல்தான். பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டின் மாதம் ரூ 500 திட்டத்தில், இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராது. பகலில் ஒவ்வொரு எம்.பி.யையும் எண்ணிச் செலவழித்தவர்கள் இரவில் மட்டும் தாராளப் பிரபுக்கள்.

முதலில் அலாரம் வைத்து எழுந்தார்கள். பிறகு அந்தச் சிரமமும் தேவைப்படவில்லை. ஃப்ளாஷ்கெட் போன்ற சாஃப்ட்வேரில் வேண்டியதை வரிசையாகக் கொடுத்து, நேரத்தையும் குறித்துவிட்டால் போதும். ஆள் தூங்கலாம், அது வேலை செய்யும். நடுவில் கரன்ட் போனாலும், திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர முடியும். காலையில் எழுந்தவுடன் காப்பிக்கு முன்பே, 'எவ்வளவு வந்திருக்கு?' என்று கம்ப்யூட்டரை எட்டிப் பார்ப்பது அந்த வீடுகளின் பழக்கமாயிற்று.

அப்படி இறங்கியதில் பெரும்பங்கு சினிமாவும் பாட்டும்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஓரமாக இன்னொன்றும் வந்துகொண்டிருந்தது. பேச்சு. கதை வாசிப்பு, பேட்டி, சொற்பொழிவு, செய்தி அலசல் என்று பல ரகம். 'பாட்காஸ்ட்' என்று அதற்குப் பெயர் வந்தது. மதுரையிலோ தஞ்சாவூரிலோ இருக்கும் தமிழருக்கு இது பொழுதுபோக்கு. பேருந்துப் பலகையில், பத்திரிகையில், பள்ளிப் பாடத்தில் எங்கு திரும்பினாலும் அவருக்குத் தமிழ் கிடைக்கிறது. சித்தூர்த் தமிழருக்கு அப்படியில்லை.

தமிழ் வழங்கும் நிலத்துக்கு வடக்கு எல்லை வேங்கட மலை என்று தொல்காப்பியத்தின் பாயிரம் சொல்கிறது. எல்லைக் கோட்டில் குடியிருப்பவர்களின் பாடு எப்போதும் தனி. சித்தூர் மாவட்டம் 1911இல் உருவானபோது, வட ஆற்காட்டிலிருந்து சில தாலுகாக்களும் கடப்பையிலிருந்து சில தாலுகாக்களும் அதில் சேர்ந்தன. 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் தனி மாநிலமானது. 1960 ஏப்ரல் 1இல் எல்லை மாற்றம் நடைமுறைக்கு வந்தபோது திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகவும் பிரிந்துவிட்டது. கோடுகள் நகர்ந்துகொண்டே இருந்தன. குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அப்படி ஒரு குடும்பத்தை மனதில் வரைந்து பார்க்கலாம். பெயர் வேண்டாம். அந்த வீடு சித்தூரில் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், நகரிக்கும் குப்பத்துக்கும் அது பொருந்தும். கோலார் தங்க வயலுக்கும் தாராவிக்கும்கூட அதிகம் மாற்ற வேண்டியிருக்காது. ஆயா தமிழ்ப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பார். மகன் தெலுங்கு வழியில் படித்தவர், தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். பேத்தி வீட்டில் தமிழ் பேசுகிறாள், தமிழ்ப் படம் பார்க்கிறாள், தமிழில் சண்டை போடுகிறாள். ஆனால் 'அ' எழுதச் சொன்னால் தெலுங்கு 'அ'தான் கைக்கு வரும். திருப்பதியில் என்ஜினீயரிங் படிக்கப் போகும் அவளுக்கு, ஆயாவின் பத்திரிகையில் படங்கள் மட்டுமே புரியும்.

இவர்கள் எழுத்தறிவு இல்லாதவர்கள் அல்ல. இரண்டு மொழிகளில் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்கள். தாய்மொழி மட்டும் அந்த இரண்டில் ஒன்றாக இல்லை. அவர்களுக்குத் தமிழ் இலக்கியம் பூட்டிய வீடு. சாவி காதில் இருக்கிறது.

காது வழியாக வந்த தமிழ் அங்கே புதிதும் அல்ல. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16இல் தொடங்கியது. மத்திய அலையில் அதன் குரல் எல்லைக் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. கொழும்பிலிருந்து வந்த இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டுகளுக்கும் கடலோ எல்லையோ தடையாக இருந்ததில்லை. இரவானால் இவை இன்னும் தெளிவாகக் கேட்கும். காரணம் எளியது. பகலில் வானலைகளை உறிஞ்சிக்கொள்ளும் காற்று மண்டலத்தின் ஓர் அடுக்கு, சூரியன் மறைந்ததும் மறைந்துவிடுகிறது. அதற்கு மேலே உள்ள அடுக்கில் பட்டு அலைகள் வெகு தூரத்துக்குத் தெறித்து வருகின்றன. தூரத்துக் குரல் வந்து சேரும் நேரம் இரவுதான் என்பது இன்டர்நெட்டுக்கு முன்பே அந்த வட்டாரத்து வீடுகளுக்குத் தெரியும்.

வானொலியில் ஒரு குறை உண்டு. கேட்டது போனது போனதுதான். அதைத் தீர்த்தது கேசட். வேலூரை அடுத்த காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்த கிருபானந்த வாரியார், சித்தூருக்கு அடுத்த வீட்டுக்காரர் மாதிரி. 1993இல் அவர் காலமான பிறகும் அவர் குரல் கேசட்டுகளில் பேசிக்கொண்டிருந்தது. புரியாத இடத்தில் நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுக்கலாம். பாட்காஸ்ட் டவுன்லோடு செய்தவருக்குக் கிடைத்த வசதிகளும் ஏறக்குறைய இவையேதான். வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை என்பது மட்டும் கூடுதல்.

கடைக்குப் போகாமல் கிடைத்தது. ஆனால் எவ்வளவு நேரத்தில் கிடைத்தது? பேச்சு மட்டும் உள்ள ஒரு மணி நேர நிகழ்ச்சியை, நொடிக்கு 64 கிலோபிட் அளவில் எம்.பி.3 ஆகச் சுருக்கினால் கிட்டத்தட்ட 29 எம்.பி. வரும். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15இல். முதலில் அது டெல்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸ் போன்ற பெருநகரங்களுக்குத்தான். அன்றைய டயல்-அப் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். அந்த வேகத்தில் இந்த ஒரு மணி நேரப் பேச்சு வந்து சேர 6 மணி 40 நிமிடம் ஆகும். பேசியவர் வேலூரிலிருந்து பஸ் ஏறி, சித்தூர் வழியாகத் திருப்பதிக்கே வந்து நேரில் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடலாம்.

அடுத்து வந்த 56 கிலோபிட் மோடம் பெயருக்குத்தான் 56. பழைய டெலிபோன் கம்பியில் 40 கிடைத்தால் பெரிய விஷயம். அந்த வேகத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை வீட்டு டெலிபோன் எங்கேஜ்டாகவே இருக்கும். இன்டர்நெட் கட்டணம் தனி, டெலிபோன் கட்டணம் தனி. 2004இல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வந்தாலே அது பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. அதே 29 எம்.பி. இப்போது கால் மணி நேரத்தில் வரும், கம்பி ஒழுங்காக இருந்தால். அந்த வரையறை 2013இல் 512 கிலோபிட் ஆகவும், 2023இல் 2 மெகாபிட் ஆகவும் உயர்ந்தது. 2 மெகாபிட் வேகத்துக்கு அது இரண்டு நிமிட வேலை.

இந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை ஒளிந்திருக்கிறது. இன்டர்நெட் மெதுவாக இருந்தும் பாட்காஸ்ட் வளர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. இன்டர்நெட் மெதுவாக இருந்ததால்தான் பாட்காஸ்ட் பிறந்தது.

எம்.டி.வி.யில் நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்தவர் ஆடம் கர்ரி. 2000ஆம் ஆண்டு வாக்கில் அவர் தலையைக் குடைந்த பிரச்சினை சித்தூர்க்காரருக்கும் புரியக்கூடியது. கம்ப்யூட்டர் எந்நேரமும் இணைப்பில் இருக்கிறது, ஆனால் ஒலியையோ படத்தையோ சொடுக்கினால் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் காத்திருப்பை ஏன் மனிதன் சுமக்க வேண்டும்? யாரும் பார்க்காத நேரத்தில் கம்ப்யூட்டரே போய் எடுத்துவந்து வைத்துவிட்டு, எல்லாம் வந்து சேர்ந்த பிறகு 'வந்தாச்சு' என்று சொன்னால் போதாதா? இந்த யோசனையைச் சாஃப்ட்வேர் வல்லுநர் டேவ் வைனரிடம் சொன்னார். ஆர்.எஸ்.எஸ். என்ற செய்தியோடைப் பட்டியலில் ஒலிக் கோப்பின் முகவரியையும் இணைத்து அனுப்பும் வழியை வைனர் அமைத்தார். 2001இன் தொடக்கத்தில் அது வேலை செய்தது.

முறை எளிமையானது. நிகழ்ச்சி தயாரிப்பவர் புதிதாக ஒன்றை வெளியிட்டதும் அதன் முகவரி ஒரு பட்டியலில் சேரும். கேட்பவரின் கம்ப்யூட்டர் அந்தப் பட்டியலை அவ்வப்போது எட்டிப் பார்க்கும். புதிதாக ஏதாவது இருந்தால் எடுத்துவந்து வைத்துக்கொள்ளும். பால்காரர் விடியற்காலையில் பாக்கெட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவதைப் போல. அவர் எந்த நேரத்தில் வந்தார், எத்தனை மெதுவாக வந்தார் என்பதெல்லாம் கதவைத் திறப்பவருக்கு முக்கியமில்லை. 'பாட்காஸ்டிங்' என்ற சொல்லை 2004 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாளேடான கார்டியனில் பென் ஹேமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் பயன்படுத்தினார். 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்ட்டுக்கு இடம் கொடுத்த பிறகு அது ஊரறிந்த விஷயமானது.

எங்கோ ஒருவர் காத்திருக்கப் பொறுமையில்லாமல் யோசித்தது, பொறுமையைத் தவிர வேறு வழியில்லாத ஊர்களுக்குத்தான் அதிகம் பொருந்தியது.

கம்ப்யூட்டரே இல்லாத வீடுகளுக்கும் ஒரு வழி இருந்தது. பஸ் ஸ்டாண்டை ஒட்டிய மொபைல் கடைகள். மெமரி கார்டைக் கொடுத்தால், கடையிலிருக்கும் கம்ப்யூட்டரிலிருந்து பாட்டும் படமும் ஏற்றித் தருவார்கள். நாடு முழுக்க நடந்த வியாபாரம் இது. காப்பிரைட் பற்றிய கவலை கடைக்காரருக்கும் இருந்ததில்லை, வாடிக்கையாளருக்கும் இருந்ததில்லை. அது சரியென்று வாதாட முடியாது. ஆனால் அந்தக் கடைப் பையன் செய்ததும் ஒரு டவுன்லோடு சேவைதான். மெதுவான கம்பியின் பாரத்தை ஊருக்காக ஒரே ஆள் சுமந்தான்.

இப்படிக் கைக்கு வந்த ஒலியை அந்த வீடு எப்படிப் பயன்படுத்தும்? தமிழ்க் கதைகளை ஒலிவடிவில் கொடுத்தவர்கள் பலர். பாம்பே கண்ணன் குழுவினர் 'பொன்னியின் செல்வன்' போன்ற நாவல்களை ஒலிநூல்களாக்கினார்கள். பின்னர் தீபிகா அருணின் 'கதை ஓசை' போன்ற முயற்சிகள் வந்தன. கல்கியின் படைப்புகள் நாட்டுடைமையானவை என்பதால் அவற்றை வாசித்து வெளியிட யாருக்கும் தடையில்லை. மனதில் வரைந்த அந்தச் சித்தூர் வீட்டில் பேத்தி ஒரு சரித்திரக் கதையைக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் ஆயா முருங்கைக்கீரை ஆய்கிறார்.

"ஆயா, 'வினவினான்'னு வருதே, கேட்டான்னுதானே அர்த்தம்?"

"ஆமாண்டி கண்ணு, கேட்டான்தான்."

இருவருக்கும் திருப்தி. ஆனால் இருவரும் சொன்னது ஒன்றல்ல. பேத்தியின் காதில் விழுந்தது தெலுங்கு 'வினு'. காதால் கேள் என்று அதற்குப் பொருள். ஆயா சொன்ன 'கேட்டான்' கேள்வி கேட்டான் என்பது. தமிழின் 'கேள்' என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்ப்பதால் குட்டு வெளிப்படவில்லை. அடுத்த வரியில் கதாபாத்திரம் பதில் சொல்லும்போதுதான் பேத்திக்கு இடிக்கும். உடனே பத்து நொடி பின்னால் போவாள், மறுபடி கேட்பாள். 'ஓ, இவன் அவனைக் கேட்கிறானா!' ஒரு சொல் இப்படித்தான் வீட்டுக்குள் வந்து உட்காருகிறது.

அந்தப் பத்து நொடிதான் விஷயமே. வானொலியில் அது கிடையாது. ஆன்லைனில் ஓடவிட்டுக் கேட்கும்போது, இணைப்பு தடுமாறினால் வாக்கியத்தின் நடுவில் வட்டம் சுழலும். பின்னால் போகச் சொன்னால் அதற்கும் சுழலும். மொழியைப் பாதி மட்டும் அறிந்தவருக்கு நடுவில் நிற்கும் வாக்கியம் பெரிய தண்டனை. வினை கடைசியில் வரும் மொழி தமிழ். வந்தானா, வரவில்லையா, வரப்போகிறானா என்பது வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. வால் வருவதற்குள் கோடு அறுந்தால் தலை மறந்துபோகும். முழுதாக இறக்கி வைத்துக்கொண்ட கோப்பில் இந்தத் தொல்லை இல்லை. வந்து சேர எத்தனை மணி நேரமானாலும், வந்த பிறகு அது தடையில்லாமல் பேசும். பத்து முறை கேட்டாலும் முகம் சுளிக்காது.

திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவே 70 கி.மீ. இருக்கும். ரயில் என்றால் பாகாலா வழி. ஹாஸ்டலிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வரும் மாணவிக்கு அந்தப் பயணம் முழுக்க ஒரு அத்தியாயம் ஓடும். அலிபிரியிலிருந்து மலைக்கு நடந்து ஏறுபவருக்கு 3,500க்கு மேற்பட்ட படிகள். கோயிலுக்குள் போனைக் கொண்டுபோக முடியாது, ஆனால் படியேறும்போது கேட்கலாம். இறக்கி வைத்துக்கொண்டவருக்கு வழியில் சிக்னல் இருந்தால் என்ன, போனால் என்ன?

எழுத்து தெரியாமல் தமிழ் வாழ முடியுமா என்று கேட்பவர்களுக்கு அந்த மலையே ஒரு பதில் வைத்திருக்கிறது. மார்கழி மாதம் முழுக்கத் திருமலையில் விடியற்காலையில் சுப்ரபாதத்துக்குப் பதிலாக ஒலிப்பது ஆண்டாளின் திருப்பாவை. முப்பது பாசுரங்களும் தமிழ். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் தமிழ் எழுத்தே அறியாத எண்ணற்றவர்கள் அதைத் தெலுங்கு எழுத்தில் அச்சிட்ட புத்தகங்களை வைத்துக்கொண்டு, பிறர் சொல்லக் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்திருக்கிறார்கள். அவர்களின் தமிழுக்கு வாத்தியார் காதுதான். அன்னியருக்கே அது முடியும்போது, வீட்டில் தமிழ் பேசும் பெண்ணுக்கு முடியாதா?

அதே மலை இன்னொரு பாடத்தையும் சொல்கிறது. தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) வேங்கடவன்மேல் ஆயிரக்கணக்கில் கீர்த்தனைகள் பாடினார். அவை செப்பேடுகளில் வெட்டப்பட்டுக் கோயிலுக்குள் ஓர் அறையில் வைக்கப்பட்டன. நூற்றாண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் வெளியே வந்தன. சாகித்தியம் இருந்தது. ராகத்தின் பெயரும் இருந்தது. மெட்டு மட்டும் இல்லை. அன்னமாச்சாரியார் எப்படிப் பாடினார் என்பது பெரும்பாலும் அவரோடு போயிற்று. இன்று கச்சேரிகளில் கேட்கும் அவர் பாட்டுகளில் பலவற்றுக்கு ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா முதலானவர்கள் புதிதாக மெட்டமைத்தார்கள். செப்பில் வெட்டியது தங்கியது. காற்றில் விட்டது கரைந்தது. சொந்தக் கையில் சேமிக்காத ஒலி தங்குவதில்லை என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் அந்த ஊருக்குக் கிடைக்காது.

இதைச் சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம், வேகம் வந்துவிட்டது. 2016 செப்டம்பர் 5இல் ஜியோ சேவை தொடங்கிய பிறகு டேட்டாவின் விலை நாடெங்கும் சரிந்தது. 2017 டிசம்பரில் ஆந்திர அரசின் ஃபைபர்நெட் திட்டம், மாதம் ரூ 149க்கு இன்டர்நெட்டும் டி.வி.யும் டெலிபோனும் சேர்த்துத் தருவதாக அறிமுகமானது. இரவு 2 மணிக்காகக் காத்திருக்கும் அவசியம் போயிற்று. நல்லதுதான். காத்திருப்பதில் தனியாகப் பெருமை எதுவும் இல்லை. கரன்ட் போகும் ஊரில், டெலிபோன் கம்பியை நம்பி, 29 எம்.பி.க்காகத் தூக்கம் கெட்டவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆனால் வேகத்தோடு ஒரு பழக்கமும் போய்விட்டது. யாரும் இறக்கி வைத்துக்கொள்வதில்லை. வேண்டும்போது ஆப்பைத் திறந்தால் வரும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை எவ்வளவு உறுதியானது? பி.பி.சி.யின் தமிழோசை 1941 முதல் ஒலித்த வானொலி நிகழ்ச்சி. 2017இல் அந்த ஒலிபரப்பு நின்றது. வானொலி அலை பழைய தொழில்நுட்பம் என்று சமாதானம் சொல்லலாம். புதியது மட்டும் என்ன வாழ்கிறது? உலகில் பலர் பயன்படுத்திய ஸ்டிச்சர் என்ற பாட்காஸ்ட் ஆப் 2023 ஆகஸ்டில் மூடப்பட்டது. கூகுளின் பாட்காஸ்ட் ஆப் 2024இல் மூடப்பட்டது. ஆப் மூடினாலும் நிகழ்ச்சி வேறு இடத்தில் இருக்கலாம். ஆனால் எங்கே என்று தேட அதன் பெயரைப் படிக்கத் தெரிய வேண்டும். அது தமிழ் எழுத்தில் இருந்தால் அந்தப் பேத்திக்கு அந்த வழியும் அடைப்பு. தயாரித்தவர் கைவிட்டு, கோப்பு வைத்திருந்த இடத்துக்குக் கட்டணம் கட்டாமல் விட்டால் எல்லோருக்குமே அடைப்பு.

பெரிய நாட்டின் பெரிய மொழிக்கு இதனால் ஆபத்தில்லை. தமிழ்நாட்டில் ஒரு நிகழ்ச்சி நின்றால் பத்து நிகழ்ச்சிகள் முளைக்கும். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில், ஒரு குரலை நம்பித் தமிழ் கேட்கத் தொடங்கிய ஒருவருக்கு அந்தக் குரல் நின்றால் பழக்கமே நின்றுபோகலாம். அடுத்த தலைமுறைக்கு வீட்டுத் தமிழ் மட்டும் மிஞ்சும். சோறு போடு, கதவைச் சாத்து, சீக்கிரம் வா. இதற்கு மேல் அந்த மொழியில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாமலே போகும். சித்தூரில் மட்டுமல்ல, டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் இந்தக் கதையைத் தன் வீட்டில் பார்க்கும் வாசகர்கள் உண்டு.

பரிகாரம் பெரிய செலவில்லாதது. பாட்காஸ்ட் ஆப் பெரும்பாலானவற்றில் டவுன்லோடுக்கான அம்புக்குறி இன்னும் இருக்கிறது. ஆப்புக்குள் மட்டும் இறங்கும் கோப்பு அந்த ஆப்போடு போய்விடலாம். ஆகவே முடிந்தால் எம்.பி.3 ஆகவே எடுத்து, போனில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக வைப்பது நல்லது. கோப்புக்குப் படிக்கத் தெரிந்த எழுத்தில் பெயர் வைக்கலாம். தெலுங்கில் வைத்தாலும் குற்றமில்லை, உள்ளே பேசுவது தமிழ்தானே. தயாரிப்பவர்கள் பிறருக்கு உரிமையுள்ள எழுத்தை அனுமதி பெற்றே வாசிக்க வேண்டும். கேட்பவர்கள் இலவசமாகக் கொடுக்கப்பட்டதைச் சேமிக்கலாம், விலை வைத்ததை வாங்கிச் சேமிக்கலாம்.

தயாரிப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஸ்டுடியோ தரத்துக்கு ஆசைப்பட்டு, ஒருவர் மட்டும் பேசும் நிகழ்ச்சியை இசைத்தட்டு கனத்துக்கு ஏற்றிவிடுகிறார்கள். பேச்சுக்கு அவ்வளவு தேவையில்லை. நொடிக்கு 32 கிலோபிட் அளவில், ஒற்றைத் தடத்தில் கொடுத்தால் குரல் புரியும், அளவு பாதியாகும். பெரிய கோப்போடு ஒரு சின்னக் கோப்பையும் சேர்த்து வைத்தால், தினசரி டேட்டா அளவை நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கு அது உபகாரம். தலைப்பைத் தமிழோடு ஆங்கில எழுத்திலும் போட்டால், தேடும் பேத்திக்குக் கிடைக்கும். ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் நூலின் பெயரையும் ஆசிரியரின் பெயரையும் வாயால் சொன்னால், படிக்காமலே தெரிந்துகொள்ள முடியும்.

இப்படிக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒரு நாள் எழுத்தையும் தேடி வரலாம். தெலுங்கு படிக்கத் தெரிந்தவருக்குத் தமிழ் எழுத்து மலையல்ல. உயிரும் மெய்யும் அதே வரிசைதான், எழுத்துகள் இன்னும் குறைவு. ஏற்கெனவே காதில் இருக்கும் சொல்லைத்தான் கண் அடையாளம் காண வேண்டும். வராவிட்டாலும் பரவாயில்லை, கேட்டது கேட்டதுதான்.

சின்னக் கோப்பாகச் சுருக்கினால் ஒரு மணி நேரத் தமிழ் 15 எம்.பி.க்குள் அடங்கிவிடும். அதே நேரத்துக்கு வீடியோ பார்த்தால் சில நூறு எம்.பி. போகும். பண்டிகைக் காலையில் உறவினர்கள் அனுப்பும் வாழ்த்து வீடியோக்கள் நாலைந்தை அழித்தாலே அந்த இடம் கிடைத்துவிடும்.